காத்திருக்கும் கணக்கு: கம்பைலர் வழியும் லைப்ரரி வழியும்

தாமிரபரணியில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை ஓர் அணையின் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. பாபநாசத்தில் திறப்பது, மணிமுத்தாற்றில் திறப்பது, சீவலப்பேரியில் வந்து சேரும் சிற்றாறு, சமவெளியில் பெய்யும் மழை எல்லாம் கூடித்தான் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு வந்து சேர்கிறது. இந்த எண்களை ஒரு மென்பொருள் கேட்டு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று உடனே வரும். இன்னொன்று நெட்வொர்க் மந்தமானால் அரை நிமிடம் கழித்து வரும். கணக்கு பாதியில் நின்று, எண் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். சி ஷார்ப் மொழியில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியை 2012-இல் வந்த ஐந்தாம் பதிப்பு தந்தது. அசிங்க், அவெயிட் என்ற இரண்டு சொற்களை எழுதினால் போதும். மீதியைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். ஃபங்ஷனை அவெயிட் உள்ள இடங்களில் வெட்டி, ஒரு ஸ்டேட் மெஷினாக மாற்றி, எந்த வெட்டில் நிற்கிறோம் என்பதை ஓர் எண்ணில் குறித்துவைக்கும்.

இரண்டாவது வழியின் வேர் இன்னும் பழையது. 2007-இல் லிங்க் வசதியோடு எக்ஸ்பிரஷன் ட்ரீ வந்தது. நிரலை ஓட்டாமல், மரமாக, தரவாக வைத்துக்கொள்ளும் முறை அது. 2010-இல் டாட்நெட் 4 அந்த மரத்துக்கு லூப், டிரை போன்றவற்றையும் தந்தது. அவெயிட் மட்டும் அதில் சேரவே இல்லை. அசிங்க் லாம்டாவை மரமாக்கச் சொன்னால் சிஎஸ்1989 என்ற பிழையைக் காட்டிக் கம்பைலர் மறுத்துவிடும். ஒரே மொழியின் இரண்டு சிறந்த வசதிகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். அந்தக் குறையை நிரப்ப வந்தவற்றுள் ஒன்று ஹைப்பர்பீ எக்ஸ்பிரஷன்ஸ் என்ற திறந்தமூல லைப்ரரி. அசிங்க் பிளாக், அவெயிட் ஆகியவற்றையும் மரத்தின் கணுக்களாகச் சேர்த்து, மென்பொருள் ஓடும்போதே அதை ஸ்டேட் மெஷினாக்கித் தருகிறது.

ஆக, இரண்டு வழிகளும் செய்யும் அறுவைச் சிகிச்சை ஒன்றுதான். அது எவ்வளவு நுட்பமானது என்பது ஒரு கூட்டலிலேயே தெரிந்துவிடும். இரண்டு அணைகளின் திறப்பைக் கூட்டுகிறோம். பாபநாசத்தின் எண் வந்து ஸ்டாக்கில் காத்திருக்கிறது. மணிமுத்தாற்றின் எண் இன்னும் வரவில்லை. இப்போது ஃபங்ஷன் வெளியேறினால் ஸ்டாக்கில் இருப்பது அழிந்துவிடும். எனவே முதல் எண்ணைத் தனியே ஒரு மாறியில் எடுத்துவைத்த பிறகே நிறுத்த முடியும். நாம் எழுதாத அந்த மாறியைக் கம்பைலர் தானே சேர்த்துவிடுகிறது. லைப்ரரி எழுதுபவரோ கூட்டல் கணுவுக்குள் புதைந்திருக்கும் அவெயிட்டைத் தேடிப் பிடித்து, மரத்தையே பிரித்துக் கட்ட வேண்டும்.

நிபந்தனை வந்தால் சிக்கல் கூடும். பாபநாசம் 140 அடியையும் மணிமுத்தாறு 115 அடியையும் தாண்டினால் எச்சரிக்கை என்று ஒரு விதி இருக்கட்டும். முதல் பாதி பொய்யானால் மணிமுத்தாற்றைக் கேட்கவே கூடாது. அவெயிட்டுகளை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மேலே இழுத்துவைக்கும் லைப்ரரி இந்த இடத்தில் தவறிவிடும். பிழைகளைப் பிடிக்க வைக்கும் டிரை பகுதி இன்னும் கடினம். அதன் நடுவில், விட்ட இடத்துக்கு நேராகக் குதிக்க டாட்நெட்டின் இடைநிலை மொழி விடாது. தலைவாசல் வழியாக நுழைந்து, உள்ளே மறுபடியும் வெட்டைக் குறிக்கும் எண்ணைப் பார்த்துப் பிரிய வேண்டும். கேட்ச் பகுதிக்குள் அவெயிட் எழுத 2015-இல் வந்த ஆறாம் பதிப்பு வரை கம்பைலரே அனுமதித்ததில்லை. இதையெல்லாம் வெளியிலிருந்து ஒரு லைப்ரரி செய்து காட்டுவதை மதிக்காமல் இருக்க முடியாது.

அப்படியானால் இரண்டாவது வழி எதற்கு? விதியை யார், எப்போது எழுதுகிறார் என்பதில்தான் விடை இருக்கிறது. 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அணைத் திறப்பை மட்டும் பார்க்கும் விதி அன்று போதியிருக்காது. சமவெளி மழையையும் அதே இரவில் சேர்க்க வேண்டும். கம்பைலர் வழியில் நிரலைத் திருத்தி, மறுபடி கட்டி, நிறுவ வேண்டும். மரமாக இருந்தால் களத்தில் நிற்கும் பொறியாளர் ஒரு கிளையைச் சேர்த்தால் போதும். மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் டெலூஜ் மொழியும் இதே தேவைக்குப் பிறந்ததுதான். வாடிக்கையாளர் நாளை எழுதப்போகும் விதி, மென்பொருளைக் கட்டுபவருக்கு இன்று தெரியாது. அந்த விதி வெளிச் சேவையைக் கேட்டுக் காத்திருக்கவும் செய்யும்.

மரத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. அவெயிட்டுகளை அடுத்தடுத்து எழுதினால் இரு வழியிலும் ஒன்றன்பின் ஒன்றாகவே காத்திருக்கும். மரம் தரவு என்பதால், ஒன்றையொன்று சாராத இரண்டு கேள்விகளைக் கண்டுபிடித்து ஒரே நேரத்தில் அனுப்பும்படி அதை மாற்றி எழுத, கணுக்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் ஒரு விசிட்டரை நாமே உருவாக்கலாம்.

விலையும் இருக்கிறது. மரத்தை ஓடும்போது கம்பைல் செய்ய நேரம் பிடிக்கும். ஒருமுறை செய்து சேமித்துவைக்காவிட்டால் பயன் இல்லை. பிழை வந்தால் கம்பைலர் வழியில் வரி எண்ணைப் பிடித்துப் போகலாம். மரத்தில் பெயரற்ற ஃபங்ஷன்தான் கண்ணில் படும். முன்கூட்டியே முழுவதும் கம்பைல் செய்துவிடும் நேட்டிவ் ஏஓடி முறையில் கட்டிய மென்பொருளில் ஓடும்போது நிரல் உருவாக்கவே வழியில்லை.

என் தீர்ப்பு இது: விதி முன்கூட்டியே தெரிந்தால் கம்பைலரை விட்டு விலகாதீர்கள். விதி பயனரின் கையில் இருந்தால் மட்டும் மர வழிக்குப் போங்கள். நெல்லைக் கல்லூரிகளில் கணினி படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டலும் அவெயிட்டும் மட்டுமே தெரிந்த ஒரு சிறு லைப்ரரியை நீங்களே எழுதிப் பாருங்கள், கம்பைலர் உங்களுக்காக என்ன செய்கிறது என்பது அப்போது விளங்கும்.