ஒரே கடற்கரை, இரண்டு பள்ளிகள்: மரபைக் கற்பதா, தன்னைத் தேடுவதா?

கலை படிக்க வரும் மாணவர் முதலில் மரபைக் கற்க வேண்டுமா, இல்லை தனக்கென ஒரு பார்வையைத் தேட வேண்டுமா? ஈ.சி.ஆர். சாலையில் இருக்கும் இரண்டு இடங்கள் இதற்கு வெவ்வேறு பதில் சொல்கின்றன. இரண்டுக்கும் 1957 முக்கியமான ஆண்டு.

மாமல்லபுரத்தில் என்ன நடந்தது?

அந்த ஆண்டு அரசு இங்கே சிற்பப் பயிற்சி மையத்தைத் தொடங்கியது. அதுதான் இன்றைய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு என்று பட்டறைக்குள்ளேயே கைமாறி வந்த வித்தை வகுப்பறைக்கு வந்தது. இன்று சிற்பிக் குடும்பத்தில் பிறக்காதவரும் பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கே உளி பிடிக்கலாம்.

பாடத்துக்கு அடிப்படை அளவு. முகத்தின் நீளம் ஒரு தாளம். நவதாளச் சிலை என்றால் உயரம் ஒன்பது முகம்.

அளவு கற்பனையைக் கட்டிப்போடாதா?

கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையைப் பார்த்தால் போதும். வள்ளுவரின் முகம் யாருக்கும் தெரியாது. இக்கல்லூரியின் முதல்வராக இருந்த வை.கணபதி ஸ்தபதி, மரபுக் கணக்கை வைத்தே அந்த உருவத்தைக் கொண்டுவந்தார். 38 அடி பீடம் அறத்துப்பால்; 95 அடி சிலை மற்ற இரண்டு பால்கள்; மொத்தம் 133 அடி. 2000 ஜனவரி 1-ல் சிலை திறக்கப்பட்டது. இலக்கணம் பழசு, முடிவு அவருடையது.

சரி, சோழமண்டலம்?

அதே 1957-ல், 1850-ல் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வரானார் கே.சி.எஸ்.பணிக்கர். ஐரோப்பிய பாணியில் பயின்ற ஓவியர்கள் மத்தியில் எழுந்த கேள்வி: இதில் நம்முடையது எது? பணிக்கர் தன் ஓவியங்களுக்குள் மலையாள எழுத்தையும், ஜாதகக் கட்டத்தையும், கணிதக் குறிகளையும் கொண்டுவந்தார்.

1966-ல் அவரும் மாணவர்களும் சக ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினர். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம்; இப்போது சென்னை மாநகராட்சி. ஓவியம் விற்று வாழ முடியாத நாட்களில் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்கள்தான் சோறு போட்டன. அதனால் வாங்குபவருக்குப் பிடித்த மாதிரி வரைய வேண்டிய கட்டாயம் குறைந்தது.

எது சரியான வழி?

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. அதில் பல்லவர் கால எழுத்தில் கேவாத பெருந்தச்சன் உள்ளிட்ட சிலரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அங்கே வேலை செய்த சிற்பிகளின் பெயர்களாக இவை கருதப்படுகின்றன. மரபுக்குள் நின்று வேலை பார்த்தவர்களுக்கும் 'இது நான்' என்று சொல்லும் ஆசை இருந்திருக்கிறது.

அதனால் இந்த இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. கலை படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு எந்த வாசல் பொருந்தும் என்பதுதான் கேள்வி. ஒன்று கையைப் பழக்கிவிட்டுப் பார்வையைத் தேடச் சொல்கிறது. இன்னொன்று பார்வையிலிருந்து தொடங்கச் சொல்கிறது.