பழனி மலையில் அறுவைச் சிகிச்சை வார்டும் புதிய செவிலியரும்

நர்சிங் படிப்பை முடித்து, கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொண்டு, அறுவைச் சிகிச்சை வார்டில் முதன்முறையாகத் தனிப் பொறுப்பில் நிற்கும் செவிலியரின் பணிக்குத் தமிழகத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஆனால் மருத்துவமனை வரலாறுகள் பெரும்பாலும் மருத்துவர்களின் பெயரால் எழுதப்பட்டவை. கத்தி பிடித்தவர் யார் என்பது கல்வெட்டில் இருக்கும். அன்றிரவு நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் யார் என்பது எங்கும் இருக்காது. பழனி மலையும் கொடைக்கானலும் இந்தப் பணியைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். பெரிய மருத்துவமனைகள் எல்லாம் மலைக்குக் கீழே இருப்பதால், வார்டில் இருக்கும் இளம் செவிலியர் ஒரு மாற்றத்தை எப்போது கவனித்தார், எப்போது மருத்துவரை அழைத்தார் என்பது இங்கே கூடுதல் கனம் பெறுகிறது.

மலைக்கு வந்த மருத்துவம்

கொடைக்கானல் நோய்க்கு அஞ்சி உருவான ஊர். சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தப்ப, அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் இங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். பெரியகுளத்துக்கு அருகிலுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து தொடங்கும் மலைப்பாதையில் அவர்களைக் கூலியாட்கள் நாற்காலியிலும் டோலியிலும் தூக்கிச் சென்றனர். வத்தலக்குண்டு வழியாக ஏறும் லாஸ் காட் சாலை 1910களின் நடுப்பகுதியில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. துரைமார்களுக்கு டோலி அத்துடன் முடிந்தது. மலைக் கிராமத்தாருக்கு முடியவில்லை. வெள்ளகெவி போன்ற ஊர்களில் இருந்து நோயாளியைக் கம்பில் கட்டிய டோலியில் சுமந்து வந்த செய்திகள் இந்த நூற்றாண்டிலும் நாளிதழ்களில் வந்திருக்கின்றன.

மதுரையில் அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற ஃபிராங்க் வான் ஆலன் 1888-இல் அதே மிஷனின் மருத்துவராக வந்தவர். உள்ளூர் ஜமீன்தார்களும் செல்வர்களும் கொடுத்த பணத்தைக் கொண்டு மதுரையில் மருத்துவமனை எழுப்பினார். 1923-இல் மறைந்தார். கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் அருகே உள்ள வான் ஆலன் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் காலத்து அறுவைச் சிகிச்சையே புதியது. 1846-இல் ஈதர் மயக்கம் வந்தது. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கிருமி நீக்க முறையை வெளியிட்டார். அதற்கு முன் வயிற்றைத் திறந்தால் பிழைப்பவர் குறைவு. அதற்குப் பிறகு பிழைப்பவர் கூடினர். அப்படிப் பிழைத்தவரைப் பல நாள் படுக்கையில் வைத்துக் கண்காணிக்க ஆள் தேவைப்பட்டது. அறுவைச் சிகிச்சை வார்டும் அதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியரும் இந்தத் தேவையில் இருந்து வளர்ந்தவர்கள். இன்று எல்லோரும் அணியும் ரப்பர் கையுறைகூட ஒரு செவிலியரின் கைக்காகத்தான் முதலில் செய்யப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை அரங்குச் செவிலியராக இருந்த கரோலின் ஹாம்ப்டனின் தோல் கிருமிநாசினியால் புண்ணாகியது. அங்கிருந்த வில்லியம் ஹால்ஸ்டெட் மெல்லிய கையுறை செய்து தரச் சொன்னார். மருத்துவர்கள் அதை அணியத் தொடங்கியது பிறகுதான்.

பயிற்சி மாணவியே வார்டு ஊழியர்

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் நடத்திய மருத்துவமனையில் 1909-இல் டெலியா ஹூட்டன் பொறுப்பில் நர்சிங் பள்ளி அமைந்தது. பிறர் உடலைத் தொட்டுக் கழுவும் வேலைக்குப் பெண்களை அனுப்பக் குடும்பங்கள் தயங்கிய காலம் அது. தொடக்கத்தில் சேர்ந்தவர்களில் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியரும் அதிகம். சென்னை மாகாணத்தில் செவிலியர் பதிவுக்கான சட்டம் 1926-இல் வந்தது. வேலூரிலும் டெல்லியிலும் 1946-இல் பட்டப் படிப்பு தொடங்கியது. ஐடா ஸ்கடர் தன் கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்து, 1960 மே மாதம் அங்கேயே காலமானார்.

அந்தக் காலப் பயிற்சிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மாணவியே வார்டின் உழைப்பாளி. பகலில் படுக்கை விரிப்பதும், கட்டுத்துணி மடித்து ஆவியில் வேகவைப்பதும், இரவில் வார்டைக் காப்பதும் அவர் வேலை. இதில் சுரண்டல் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் சான்றிதழ் கையில் கிடைக்கும்போது நூற்றுக்கணக்கான இரவுகளைப் பார்த்து முடித்திருப்பார். பட்டம் பெற்றதும் வார்டு பொறுப்பு அவர் தலையில் விழும், ஏனென்றால் வேறு ஆள் கிடையாது. போர் குழுவின் 1946-ஆம் ஆண்டு அறிக்கை இந்தியா முழுவதற்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்ததாகக் கணக்கிட்டது. அதாவது 43,000 பேருக்கு ஒருவர். அப்போது பிரிட்டனில் 300 பேருக்கு ஒருவர் இருந்தார்.

பிற்காலத்தில் கல்லூரிகள் பெருகின. மாணவர் மாணவராகவே நடத்தப்பட்டனர். அது நியாயமான மாற்றம்தான். ஆனால் படித்ததற்கும் வார்டில் நடப்பதற்கும் இடையே பள்ளம் விழுந்தது. மார்லின் கிரேமர் 1974-இல் அமெரிக்கச் செவிலியரிடம் கண்ட இந்த அதிர்ச்சிக்கு நூல் வழியே பெயர் சூட்டினார். பத்தாண்டு கழித்துப் பட்ரிசியா பென்னர், புதியவர் ஒருவர் தேர்ந்தவராக ஐந்து நிலைகளைக் கடக்க வேண்டும் என்று விளக்கினார். புதியவர் விதியைப் பார்க்கிறார், தேர்ந்தவர் நோயாளி முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கிறார் என்பது அவர் கண்டது. வார்டில் மூத்த சிஸ்டர் ஒருவர் படுக்கையைக் கடந்து போகும்போதே "இந்த ஆள் முகம் சரியில்லை, பி.பி. பாரும்மா" என்று சொல்வது இதைத்தான்.

வார்டில் என்ன வேலை

அறுவைக்கு முன் நாளில் இருந்தே பணி தொடங்குகிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து, எந்தப் பக்கம் அறுவை என்ற குறி, ஒவ்வாமை, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்ற கேள்வி. கடைசிக் கேள்விக்கு நேரான பதில் கிடைப்பது அரிது. "ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர், ஒரு வாய் காபி மட்டும்" என்பதைச் சாப்பாடாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது புதியவர் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று. மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம்.

நகைகளைக் கழற்றுவது இன்னொரு சோதனை. மின்கத்தி பயன்படுத்தும்போது உலோகம் உடலில் இருந்தால் தீக்காயம் ஏற்படக்கூடும். வளையலையும் மெட்டியையும் கழற்றிவிடுவார்கள். தாலியைக் கழற்றச் சொன்னால் நோயாளியின் கண் கலங்கும், மாமியார் முகம் மாறும். இருபத்திரண்டு வயதுச் செவிலியர் அங்கே சட்டம் பேசினால் காரியம் நடக்காது. மஞ்சள் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொள்ளச் சொல்லி, தாலிக்கொடியை உறவினரிடம் ஒப்படைத்து, கேஸ் ஷீட்டில் கையெழுத்து வாங்குவது வழக்கமான தீர்வு. இதைப் பாடநூல் கற்பிப்பதில்லை.

அறுவை முடிந்து வார்டுக்கு வந்த முதல் மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றைப் பார்த்துக் குறிப்பது பொது வழக்கம். பிறகு இடைவெளி கூடும். இங்கேதான் புதியவரின் பெரும் அபாயம் இருக்கிறது. எண்களை எழுதுவது எளிது, அவற்றைச் சேர்த்துப் படிப்பது கடினம். உள்ளே ரத்தம் கசியும்போது இளம் உடல் நெடுநேரம் சமாளிக்கும். ரத்த அழுத்தம் சரியாகவே காட்டும். நாடி 84, பிறகு 96, பிறகு 112 என்று ஏறும். சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கும். நோயாளி காரணமின்றிப் புரண்டு படுப்பார். அழுத்தம் சரியும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும்.

அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி சில்பர் 1992-இல் இதை மீட்கத் தவறுதல் என்ற அளவுகோலாக வைத்தார். சிக்கல் எந்த மருத்துவமனையிலும் வரும். வந்தபின் நோயாளி பிழைத்தாரா என்பதுதான் மருத்துவமனைகளைப் பிரித்துக் காட்டுகிறது. லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்தனர். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது.

மாற்றத்தைக் கண்டுவிட்டாலும் மருத்துவரை அழைப்பது எளிதல்ல. நள்ளிரவில் எழுப்பி, ஒன்றுமில்லை என்று தெரிந்தால் திட்டு விழும் என்ற பயம் புதியவர்களைக் கட்டிப்போடுகிறது. இந்தப் பயத்தை வேலை நிலையும் வளர்க்கிறது. தமிழக அரசு 2015-இல் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் ஊதியத்தில் இருந்த அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராடினார்கள். நிரந்தரம் இல்லாத ஒருவர் மூத்தவரின் தூக்கத்தைக் கலைக்க எவ்வளவு யோசிப்பார் என்பதை ஊகிக்கலாம்.

மலையின் கணக்கு

மதுரையிலோ திண்டுக்கல்லிலோ பயின்று கொடைக்கானலுக்கு வரும் செவிலியர் சில கணக்குகளை மாற்றிக்கொள்ள வேண்டும். ஊர் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே ஆக்சிஜன் அளவு கீழே காட்டுவதைவிடச் சில புள்ளிகள் குறையும். இதை அறியாதவர் முதல் வாரத்தில் எல்லோருக்கும் பதறுவார். பழகியபின் வேறு ஆபத்து வருகிறது: உண்மையான சரிவையும் மலைதான் காரணம் என்று தள்ளிவிடலாம். யாருக்கு வந்தபோது எவ்வளவு இருந்தது என்று எழுதி வைப்பது ஒன்றே வழி.

குளிரும் ஏமாற்றும். அறுவை முடிந்த உடல் தானாகவே வெப்பம் இழக்கிறது. மார்கழி இரவில் விரல் சில்லிட்டுப்போனால் கருவி எண் காட்டாது. நடுக்கம் குளிராலா, காய்ச்சல் தொடக்கமா, ரத்த இழப்பா என்று பிரித்தறிய வேண்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்ப்பதும், கம்பளியை விலக்கிக் கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் சின்ன வேலைகள். கம்பளிக்குள் இருக்கும் கட்டை யாரும் பார்க்காமல் விடிந்துவிடுவது உண்டு.

மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறைப் பக்கமிருந்து வருபவர்கள் பலர் தாமதமாகவே வருகிறார்கள். குடல்வால் அழற்சி வெடித்தபின் வருவதும் நடக்கும். வலியைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும் முதிய பளியர் ஒருவரிடம் பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் பதில் வராது. இருமச் சொல்லி முகத்தைப் பார்ப்பது அதைவிட உதவும்.

மலையில் கையாள முடியாதவரைக் கீழே அனுப்ப வேண்டும். வத்தலக்குண்டுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல், மதுரைக்கு ஏறத்தாழ 120. இடையில் வளைவுகள், மூடுபனி, சில இரவுகளில் சாலையில் விழுந்த மரம். எனவே மலையில் அழைக்க வேண்டிய நேரம் சமவெளியைவிட முன்னதாக வருகிறது. நாடி 112 ஆனபோது அழைத்திருந்தால் விடிவதற்குள் மதுரையில் இருக்கலாம். 140 ஆனபின் அழைத்தால் பாதி மலையில் இருப்பார்கள். தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. மருத்துவமனை வண்டியில் அனுப்பும்போது கூடப் போவது பெரும்பாலும் டியூட்டியில் இளையவர்தான். மூத்தவர் வார்டை விட முடியாது. வளைவுகளில் தானும் குமட்டலை அடக்கிக்கொண்டு, டிரிப்ஸ் குழாய் மடங்காமல் பிடித்து, வாந்தி எடுக்கும் நோயாளியின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து இறங்குவார். கீழே அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்பது அவர் கையில் உள்ள தாளை. எத்தனை மணிக்கு நாடி எவ்வளவு, எப்போது சிறுநீர் குறைந்தது, யாரை எப்போது அழைத்தார் என்று அதில் இருக்க வேண்டும். ஒப்படைத்தபின் அதே வண்டியில் மலையேறி, இரவு டியூட்டி முடியாததால் மறுபடி வார்டுக்குப் போவார்.