மாதவிடாய்க்கு முந்திய கிழமையும் ஆறாத மனவடுவும்

மாதத்தில் ஒரு கிழமை என்னோடு கதைப்பது கஷ்டம். கதவு அடித்தாலே திடுக்கிடுவேன், பிள்ளைகளை ஏசுவேன், பிறகு தனியே இருந்து அழுவேன். முள்ளிவாய்க்கால் கனவில் வருவதும் அந்த நாட்களில்தான். மாதவிடாய் வந்த இரண்டாம் நாள் எல்லாம் அடங்கிவிடும். பெரியமடுவில் இதைச் சொன்னால் "இது எல்லாருக்கும் உள்ளதுதானே பிள்ளை" என்பார்கள். 1990 இல் புத்தளத்துக்குத் துரத்தப்பட்டுத் திரும்பிய முஸ்லிம் பெண்களும், 2008 இல் மூட்டை முடிச்சோடு கிழக்கே ஓடிய நாங்களும் சொல்லும் கதை அநேகமாக ஒன்றுதான்.

இது கடுமையாகி அன்றாட வாழ்வைக் குலைத்தால் அது நோய். பி.எம்.டி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் இதைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது.

அமெரிக்கத் தாதியரிடையே நடந்து 2014 இல் வெளியான ஆய்வொன்றில், சிறுவயதில் மிகக் கடுமையான மனவதைக்கு ஆளானவர்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய உபாதைகள் வரும் வாய்ப்பு 2.6 மடங்காக இருந்தது. கடும் உடல்வதைக்கு 2.1 மடங்கு. அது வீட்டுக்குள் நடந்த கொடுமை பற்றியது, ஷெல்லடி பற்றியதல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் 2011 இல் வந்த இன்னொரு ஆய்வு, பலவகை அதிர்ச்சிகளைக் கண்ட பெண்களிடமும் இந்தத் தொடர்பைக் காட்டியது.

இந்தப் பெண்களின் ஓமோன் அளவு பெரும்பாலும் மற்றவர்களுடையதைப் போலத்தான் இருக்கும். அதன் ஏற்ற இறக்கத்துக்கு மூளை காட்டும் எதிர்வினைதான் வேறு. புரோஜெஸ்தரோனில் இருந்து உண்டாகும் ஒரு பொருள் வழக்கமாக மனதை அமைதிப்படுத்தும். சிலருக்கு அதுவே பதற்றத்தைத் தருகிறது. நெடுநாள் பயத்தில் வாழ்ந்த உடலில் பதற்றத்தை ஆளும் ஒழுங்கும் மாறிவிடுவதால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன என்று கருதுகிறார்கள்.

வைத்தியரிடம் போகமுன் இரண்டு மாதம் கலண்டரில் நாளாந்தம் குறியுங்கள்: நித்திரை, கோபம், அழுகை, மாதவிடாய் வந்த நாள். மாதம் முழுவதும் ஒரேமாதிரி இருந்தால் அது மனவடுவாகவோ மனச்சோர்வாகவோ இருக்கலாம், வைத்தியமும் வேறுபடும். கல்சியம் சிலருக்கு உதவும். மனச்சோர்வு மாத்திரைகளைச் சிலருக்கு மாதவிடாய்க்கு முந்திய இரண்டு கிழமை மட்டும் கொடுப்பார்கள். பார்மசியில் நீங்களாக வாங்கிக் குடிக்கவேண்டாம். சாகவேண்டும் என்ற நினைப்பு வந்தால் கலண்டருக்காகக் காத்திராமல் உடனே 1926 க்கு அழையுங்கள், தமிழிலும் கதைக்கலாம்.

என் கலண்டரில் பென்சில் புள்ளிகள் எல்லாம் ஒரே கிழமைக்குள் நெருங்கிக் கிடந்தன. கிளினிக்கில் அதைக் காட்டியபோதுதான், எப்போது இடம்பெயர்ந்தீர்கள் என்று முதல்முறையாக ஒருவர் என்னிடம் கேட்டார்.