பாதிரியார் பெயரில் பாதிரிக் குடும்பம்

பெங்களூரில் குடியேறிவிட்ட நமக்குப் பூமரங்கள் புதிதல்ல. தை பிறந்தால் மதில்மேல் ஆரஞ்சுத் திரைபோல் தொங்கும் கொடி, அடுத்து இளஞ்சிவப்பு தபேபுயா, பங்குனியில் ஊதா ஜகரண்டா, வாசலோரத்தில் மஞ்சள் டெகோமா. இவை அத்தனையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்றால், "அட, அப்படியா!" என்று கேட்போம். ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். இதழ்கள் ஒட்டி எக்காளம்போல் விரிந்த குழல். உள்ளே பெரும்பாலும் நான்கு மகரந்தத் தாள்கள். காய் வெடித்தால் சிறகு முளைத்த விதைகள்.

தாவரவியலார் இதனைப் பிக்னோனியேசி என்பர். சுமார் 80 பேரினங்களும் 800க்கு மேற்பட்ட இனங்களும் கொண்ட குடும்பம். பெரும்பகுதி அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது. பெயர் வந்த கதை சுவையானது. 1694இல் பிரெஞ்சு அறிஞர் தூர்ன்ஃபோர், தம்மை ஆதரித்த ழான் பால் பிக்னோன் என்பவரின் பெயரால் 'பிக்னோனியா' என்று ஒரு செடியினத்துக்குப் பெயரிட்டார். இந்தப் பிக்னோன் பிற்காலத்தில் பிரெஞ்சு அரச நூலகத்துக்குத் தலைவரானவர், ஒரு பாதிரியாரும்கூட!

ஆங்கிலத்தில் டிரம்பெட் கிரீப்பர் எனப்படும் எக்காளக் கொடியை, லின்னேயஸ் 1753இல் பிக்னோனியாவில்தான் சேர்த்தார். இன்று அது காம்ப்சிஸ் என்ற தனி இனம். அதில் இரண்டே வகைகள்: ஒன்று வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மற்றது சீனத்தில். கடல் பிரித்த இந்த இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மிலான் அருகே ஒரு நாற்றங்காலில் சேர்ந்து புதிய கலப்பினத்தையே தந்துவிட்டன!

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் பாதிரி மரம். கிறித்தவப் பாதிரி என்னும் சொல் போர்ச்சுகீசியரோடு வந்தது. மரத்தின் பெயரோ சங்க காலத்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் பாதிரியும் ஒன்று. வடமொழியில் இது பாடலம், பாடலி. மகதத் தலைநகர் பாடலிபுத்திரத்தின் பெயரோடு மரபு இணைப்பது இம்மரத்தையே. கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில் இதுவே தல மரம். அங்கும் 'பாடலிபுத்திரம்' என்ற பெயரில் சமணர் பள்ளி இருந்தது. அப்பர் பெருமான் சமணராய் இருந்த காலத்தில் தங்கியது அங்கேதான் என்கிறது பெரியபுராணம். சர்வநந்தி என்ற சமண முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலைப் பாடலிகா என்ற ஊரில் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் முடித்தார். அவ்வூர் திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆய்வாளர் கருத்து. பல்லவர் காலவரிசையைக் கணிக்கப் பெரிதும் உதவும் குறிப்பு இது. ஒரு மரத்தின் பெயர் சமணத்தையும் சைவத்தையும், கங்கைக் கரையையும் கெடிலக் கரையையும் சேர்த்துக் கட்டியிருப்பதைப் பாருங்கள்.

மருத்துவத்திலும் இக்குடும்பத்துக்கு இடமுண்டு. தசமூலம் என்னும் பத்து வேர்களில் இரண்டு இதிலிருந்து வருபவை: ஒன்று பாதிரி, மற்றொன்று வாள்போல் நீண்ட காய் காய்க்கும் பெருவாகை. இங்கேதான் கவலையும். இலையைப் பறித்தால் மரம் மறுபடி துளிர்க்கும்; வேரைத் தோண்டினால்? காட்டில் வளர்வதை எடுத்துக்கொண்டே இருந்து, நட்டு ஈடு செய்யாவிட்டால், கடையில் சூரணம் இருக்கும், மரம் இருக்காது.

1908இல் பெங்களூர் வந்து லால்பாக் பொறுப்பேற்ற ஜெர்மானியர் கிரும்பிகல், ஆண்டு முழுதும் ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று திட்டமிட்டார். அயல்நாட்டு மரங்கள் இங்கே பெருகியதில் அவருக்குப் பெரும்பங்குண்டு. வந்த மரங்களை வெறுக்க வேண்டியதில்லை, நாமும் வந்தவர்கள்தானே! ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தபேபுயா தெரிகிறது, பாதிரி தெரிவதில்லை. பெயரைக் கோயில் ஊரிலும் ஏட்டிலும் மட்டும் வைத்துக்கொண்டு மரத்தைத் தொலைத்தால் அது என்ன பண்பாடு? நம் சங்கக் கட்டடத்தின் பின்புறமோ, குடியிருப்புப் பூங்காவிலோ ஒரு பாதிரிக் கன்று நடலாம். வேனிலில் அது பூக்கும்போது, கபிலர் சொன்ன பூ இதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாமே.