பால்வாடி டீச்சருக்கு யார் பிரஷர் பார்ப்பது?

பைக்காரா பக்கம் ஒரு அங்கன்வாடி மையம். பிள்ளைகளைப் பரிசோதிக்க வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் டீம் அங்கே போகும். எடை, உயரம், பல், காது, இதயம் எல்லாம் பார்த்து முடித்தோம். எந்தப் பிள்ளைக்கு எப்போ காய்ச்சல் வந்தது என்பதை ரிஜிஸ்டரைத் திறக்காமலே டீச்சர் சொல்லிக்கொண்டு வந்தார். கிளம்பும்போது சும்மா கேட்டேன், "டீச்சர், நீங்க பிரஷர் பார்த்து எவ்ளோ நாளாச்சு?"

"எனக்கா சார்? சின்னவ பொறந்தப்ப பார்த்தாங்க."

சின்னவள் இப்போ காலேஜ் படிக்கிறாள். கஃப் கட்டிப் பார்த்தால் 170/110.

மாத்திரை கொடுத்தாச்சு. ஆனா இத்தனை வருஷம் இவங்க எப்படி விட்டுப்போனாங்க? தேடிப் போனால் அது ஒரு பெரிய கதை. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

1945-ல் மகாராஷ்டிரக் கடலோரத்தில் போர்டி என்ற ஊரில் தாராபாய் மோதக்கும் அனுதாய் வாக்கும் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு மையம் தொடங்கினாங்க. பள்ளிக்குப் பிள்ளைகள் வரலை. சரி, பள்ளியே பிள்ளைகளிடம் போகட்டும் என்று வீட்டு முற்றத்திலேயே பாடம் ஆரம்பித்தாங்க. முற்றத்துக்கு அங்கே 'ஆங்கன்'. அங்கன்வாடி வந்த கதை இதுதான். (பால்வாடியில் இருக்கும் 'பால்' குழந்தையைக் குறிக்கும். பால் ஊத்துற இடம்னு நானும் சின்ன வயசுல நினைச்சிருக்கேன்.)

1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 இடங்களில் தொடங்கியது. மையத்தை நடத்தும் பெண்ணுக்குக் கொடுத்தது சம்பளம் இல்லை, 'மதிப்பூதியம்'. பத்தாவது படிச்சிருந்தா மாசம் 150 ரூபாய், படிக்கலைன்னா 100. உதவியாளருக்கு, அதாவது நாம ஆயான்னு கூப்பிடுறவங்களுக்கு, 35. சமூக சேவைக்கு வந்த ஊர்ப் பெண், அரசு ஊழியர் இல்லை என்பதுதான் கணக்கு. இந்த ஒரு வார்த்தையால் என்ன ஆச்சு தெரியுமா?

பைக்காராவிலிருந்து நடுவட்டம் பக்கம் இறங்குங்க, தேயிலை வந்துவிடும். அங்கே கதை வேற. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, 50 பெண்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டியிருந்தது. அதைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணும் இருக்க வேண்டியிருந்தது. இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் இந்த இடத்தைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள்.

அந்தக் காப்பக ஆயா எஸ்டேட் சம்பளப் பட்டியலில் இருந்தால், அவரும் தொழிலாளிதான். எஸ்டேட் ஆஸ்பத்திரி உண்டு. 1961 மகப்பேறு சட்டத்திலேயே 'தோட்டம்' என்ற சொல் இருந்தது, 1972 பணிக்கொடைச் சட்டத்திலும் இருந்தது. எல்லா எஸ்டேட்டும் ஒழுங்காகக் கொடுத்தது என்று நான் சொல்ல வரலை. ஆனா கொடுக்கலைன்னா கேட்க ஒரு சட்டம் இருந்தது.

ஒரே மலை, ஒரே வயசுப் பிள்ளைகள், ஒரே மூக்கைத் துடைக்கிற வேலை. ஒருத்தி தொழிலாளி, இன்னொருத்தி சேவகி!

அங்கன்வாடி டீச்சருக்கு வந்ததெல்லாம் துண்டு துண்டாக, தாமதமாக வந்தது. மகப்பேறுக்கு 180 நாள் விடுப்பு வழிகாட்டுதல் வழியாக வந்தது. 2004 ஏப்ரலில் எல்.ஐ.சி. மூலம் ஒரு காப்பீடு. அதில் மார்பகம், கருப்பை, கருப்பை வாய் மாதிரி பெண்களுக்கு வரும் புற்றுநோய்க்கு 20,000 ரூபாய். நல்ல விஷயம்தான். ஆனா டாக்டரா எனக்கு ஒரு உறுத்தல்: அது நோய் வந்த பிறகு கொடுக்கிற பணம். வருமுன் பார்க்க யாரும் இல்லை.

2006-ல் கர்நாடக வழக்கு ஒன்றில், இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு 16 வருஷம். 2022 ஏப்ரல் 25, குஜராத்திலிருந்து வந்த மணிபென் வழக்கு. நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா. அங்கன்வாடி பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பு. எஸ்டேட் ஆயாவைச் சட்டம் 1972-லேயே பார்த்தது. பால்வாடி டீச்சரைப் பார்க்க 50 வருஷம் ஆச்சு.

சட்டத்தில் இருக்கும் கணக்கு இது: ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாக வைத்து. கடைசியாக மாசம் 10,000 வாங்கினவர் 30 வருஷம் உழைச்சிருந்தா சுமார் 1.73 லட்சம். ஒரு வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை.

2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு அங்கன்வாடி பணியாளர்கள், உதவியாளர்கள் எல்லாருக்கும் நீட்டிக்கப்பட்டது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். தமிழ்நாட்டில் அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்து நடக்குது. இங்கே ஒண்ணு கவனிங்க: அந்த அட்டை முக்கியமாக அட்மிஷன், ஆபரேஷனுக்கு. பிரஷர் மாத்திரை எங்க ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இலவசம். டீச்சருக்குத் தட்டுப்பாடு பணம் மட்டும் இல்லை, நேரமும்தான். ஓ.பி. நடக்கிற அதே காலையில்தான் மையமும் நடக்குது. பிள்ளைகளை யாரிடம் விட்டுட்டு பஸ் ஏறுவார்? ஆயா இடம் காலியாக இருந்தால் அதோடு முடிஞ்சது.

அதனால பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது டீச்சரிடமும் ஆயாவிடமும் கேளுங்க, காப்பீட்டு அட்டை எடுத்தாச்சான்னு. ஊருக்கு மருத்துவ முகாம் வந்தா முதல் டோக்கன் அவங்களுக்குக் கொடுங்க. அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளை நீங்க பார்த்துக்கோங்க.

அந்த டீச்சர் அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை மாத்திரை வாங்க வந்தார். 140/88. கூடவே ஆயாவையும் கூட்டிட்டு வந்திருந்தார்.

"இவங்களும் எதுவுமே பார்த்ததில்ல சார்."

பார்த்தோம். சர்க்கரை 280.