மறைந்தது வேறு, தொலைந்தது வேறு

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை, கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, மிகமிகத் தாழ்ந்த குரலில் அவள் கேட்டாள்: "ஏண்டா, அம்மாவைத் தொலைச்சுட்டியா?"

அம்மா காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அக்கா கேட்டது அம்மாவின் படத்தை.

வண்டலூரில் உயிரியல் பூங்கா 1985-ஆம் வருஷம் திறக்கப்பட்டது அல்லவா? அடுத்த கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போயிருந்தோம். அங்கே ஒரு குரங்கு, எங்கள் அப்பாவைப் போலவே நடை நடையாய் நடந்து, திரும்பி, எங்களை முறைத்துப் பார்த்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தக் கணத்தில் யாரோ காமிராவை அமுக்கினார்கள். மற்றப் படங்களில் எல்லாம் அம்மா ரேஷன் கார்டுக்கு நிற்பவள் போல விறைத்து நிற்பாள். சிரிக்கும் அம்மா அந்த ஒரு படத்தில்தான் உண்டு.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மறுநாள் காலை வரை இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீறி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் ஏரியாக்கிவிட்டது. அக்காவின் வீடு முடிச்சூரில். பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பம் மூன்று நாள் தண்ணீரில் ஊறியது. பிறகு வெயிலில் காயவைத்துப் பிரித்தோம். பிரிக்கப் பிரிக்க, முகங்கள் தோல் உரிவது போல உரிந்து வந்தன. நல்ல வேளையாக, முந்தின வருஷம் அக்காவின் பிள்ளை சில படங்களை ஸ்கான் செய்து என் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தான். அவற்றில் அம்மாவின் படமும் ஒன்று. ஆகவே உலகத்திலேயே அந்தச் சிரிப்பு எஞ்சியிருந்த இடம் என் மேஜைதான். அம்மாவின் திதிக்குள் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று அக்கா வந்திருந்தாள். படத்தைக் காணோம்!

தேடாத இடம் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் குப்பைக் கூடையைக்கூடக் கிளறினேன். கடைசியில், கல்லூரியில் படிக்கும் அக்காவின் பேத்தியை வரவழைத்தோம். அவள் இரண்டு நிமிஷம் பார்த்தாள். சிரித்தாள்.

"தாத்தா, படம் தொலையலை. நீங்களே மறைச்சு வெச்சிருக்கீங்க."

"நானா? அம்மாவையா? எதற்கு?"

விளக்கம் இதுதான். படங்களை அடுக்கி வைக்கும் புரோகிராமில், படம் திரையில் இருக்கும்போது ஒரு குறிப்பிட்ட விசையில் விரல் பட்டால் போதும். அந்தப் படம் 'மறைக்கப்பட்டவை' என்னும் தனி அறைக்குப் போய்விடும். சத்தம் கிடையாது, "மறைக்கட்டுமா?" என்ற கேள்வி கிடையாது. அடுத்த படம் அதன் இடத்தில் வந்து நிற்கும். புரோகிராமின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குற்றம் என் விரலுடையது.

ஆனாலும் விரலின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமா? இந்த விசைகளின் சரித்திரத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

இளம் வயதில், தாம்பரம் ஸ்டேஷன் அருகே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயரும் ஹையரும் பாஸ் செய்தவன் நான். அந்த இயந்திரத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் அடி. அடித்தது காகிதத்தில் கண்ணெதிரே விழும். 1878-இல் வந்த ரெமிங்டன் இரண்டாம் எண் இயந்திரம்தான் 'ஷிப்ட்' என்னும் விசையைப் புகுத்தியது. அது முதல் ஒரே விசை, தருணத்தைப் பொறுத்து, சின்ன எழுத்தாகவும் பெரிய எழுத்தாகவும் இரு வேஷம் போடத் தொடங்கியது. அப்போதும் பெரிய அபாயம் இல்லை. டைப்ரைட்டரில் கை தவறினால் ஓர் எழுத்து கூடும், அவ்வளவுதான். இருந்த எழுத்து இல்லாமற் போகாது.

கம்ப்யூட்டர் வந்ததும் விசைகள் எழுத்தாக மட்டும் இருக்கச் சம்மதிக்கவில்லை, கட்டளைகளாகவும் மாறின. 1974-ஐ ஒட்டி, கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் 'பிராவோ' என்று ஒரு புரோகிராம் செய்தார்கள். அதில் ஒரு நிலையில் தட்டினால் எழுத்து விழும். மற்றொரு நிலையில் தட்டினால் கட்டளை நிறைவேறும். அதைப் பற்றி ஒரு கதை பிரசித்தம். ஒருவர் கட்டளை நிலையில் இருப்பதை மறந்துவிட்டு, 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தாராம். அதில் நான்கு எழுத்துக்கள்: இ, டி, ஐ, டீ. 'இ' என்றால் எல்லாவற்றையும் பிடித்துக்கொள். 'டி' என்றால் அழித்துவிடு. 'ஐ' என்றால் இனி வருவதைச் சேர்த்துக்கொள். கட்டுரை முழுவதும் போய், கடைசி எழுத்தாகிய 'டீ' மட்டும் மிஞ்சியது! குடிக்கும் டீயாக இருந்திருந்தாலும் அந்த மனிதருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதே ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த லாரி டெஸ்லர் என்பவர் இதை ஒரு தர்ம யுத்தமாகவே எடுத்துக்கொண்டார். ஒரே விசை ஒரு சமயம் ஒன்றும் மறு சமயம் வேறொன்றும் செய்யக்கூடாது என்பது அவர் கட்சி. 'நிலைகள் வேண்டாம்' என்னும் பொருளுள்ள ஆங்கில எழுத்துக்களைத் தம் காரின் நம்பர் பலகையிலேயே பொறித்துக்கொண்டார். இன்று நாம் அனைவரும் செய்கிற 'வெட்டு, நகலெடு, ஒட்டு' என்ற காரியங்களை எளிமையாக்கித் தந்த புண்ணியவான்களில் அவர் முக்கியமானவர். 2020-இல் காலமானார்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் டேவிட் பிராட்லி என்று மற்றொருவர். 1981-இல் வெளிவந்த அவர்களுடைய கம்ப்யூட்டரை மறுபடி கிளப்புவதற்கு அவர் ஒரு மூன்று விசைக் கூட்டணி அமைத்தார். முதலில் அமைத்த மூன்றும் இடப்பக்கத்திலேயே இருந்தன. கை பட்டால் செய்த வேலையெல்லாம் போய்விடும். ஆகவே ஒன்றை மட்டும் வலப்பக்கத்து 'டெலீட்' விசைக்கு மாற்றினார். இரண்டு கைகளும் சேர்ந்தால் ஒழிய அந்த விபரீதம் நடவாது. மனிதனின் கை தவறும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு செய்த காரியம் அது.

அப்படியானால் படப் புரோகிராம்களில் மட்டும் ஏன் ஒற்றை விசை? அங்கேயும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துவிட்டு வரும் போட்டோகிராபர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டிருக்க முடியுமா? 2007-இல் வந்த அடோபி லைட்ரூமில் 'பி' தட்டினால் படம் தேர்வாகிறது. 'எக்ஸ்' தட்டினால் தள்ளுபடிக் குறி விழுகிறது. அவர்களுக்கு அது வேகம். டைப்ரைட்டிங் பழகி, விரல்களை விசைகளின் மேலேயே இளைப்பாற விட்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது விபத்து. செய்ததைத் திருப்பவும் ஒரு விசை உண்டுதான். ஆனால் திருப்ப வேண்டும் என்று அப்போதே தெரிய வேண்டுமே!

ஒரு விஷயத்தில் மட்டும் மனம் நிம்மதி அடைந்தது. மறைப்பது அழிப்பது அல்ல. புரோகிராம் ஒரு பேரேடு வைத்திருக்கிறது. அதில் அம்மாவின் படத்துக்கு நேரே 'காட்டாதே' என்று ஒரு குறி போட்டிருந்தது. படம் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது.

"அந்த அறையைத் திற, குழந்தை" என்றேன். திறந்தாள்.

அம்மா சிரித்தாள். ஆனால் அவள் தனியாக இல்லை. மொத்தம் இருபத்திரண்டு படங்கள்! அக்கா வீட்டுத் திண்ணை. பிறகு தூர்த்துவிட்ட கிணறு. குடை பிடித்த அப்பாவின் முதுகு. வேறு யார் யாரோ. எல்லாம் பல சமயங்களில் என் விரல் அனுப்பி வைத்தவை. அம்மாவைத் தேட அக்கா இருந்தாள். மற்ற இருபத்தொன்றையும் தேட ஒருவரும் இல்லை. அவை காணாமற் போனதே எனக்குத் தெரியாது. அப்பாவின் முதுகைப் பார்த்தபோது என் முகம் சிவந்துவிட்டது.

அப்போது பல்லாவரம் நினைவுக்கு வந்தது. தாம்பரத்திலிருந்து ரயிலில் மூன்றாவது நிலையம். அங்கே சரளைக் குழிகளில் எத்தனையோ பேர் வெட்டி எடுத்திருப்பார்கள். எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். 1863 மே 30-ஆம் தேதி, புவியியல் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் அங்கே ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். ஆதி மனிதன் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் அப்படி அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். கல் மண்ணில் தொலைந்து கிடக்கவில்லை. எல்லார் கண்ணுக்கும் எதிரே மறைந்து கிடந்தது. பிரான்ஸ் தேசத்தில் அத்தகைய கற்கள் கிடைத்த செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அவர் கண்கள் தேடின. மறைந்ததற்கும் தொலைந்ததற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். தேடுகிறவன் ஒருவன் இருந்தால் அது மறைந்தது, இல்லாவிட்டால் தொலைந்தது.

இப்போதெல்லாம் மாதம் ஒரு முறை அந்த அறையைத் திறந்து பார்க்கிறேன். வாசகர்களும் அப்படிச் செய்வது நலம். படம் பார்க்கும்போது கைகளைக் கட்டிக்கொள்கிறேன்.

அம்மாவின் படத்தைக் காகிதத்தில் பிரதி எடுத்து, சட்டம் போட்டு, அக்கா வீட்டுக் கூடத்தில், வெள்ளம் ஏறிய கோட்டுக்கு மேலே மாட்டினோம். அக்கா எட்ட நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு பழைய உயர்ந்த குரலில் கேட்டாள்:

"ஏண்டா, இதிலே கை பட்டா ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது, அக்கா" என்றேன்.

கிட்டே போய், அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.