உதவித்தொகைப் புதுப்பித்தல் (பெரம்பலூர், அரியலூர்)

கல்லூரி உதவித்தொகை ஆண்டுதோறும் தொடர மாணவர் நிறைவேற்ற வேண்டிய தேர்ச்சி, வருகை நிபந்தனைகள். பெரம்பலூரிலும், அதிலிருந்து 2007இல் மீண்டும் பிரிந்த அரியலூரிலும் ஆதிதிராவிடர் மாணவர்கள் பெரிதும் நம்புவது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 லட்சம் ரூபாய். இதில் அடுத்த வகுப்புக்கு உயர்வதே முக்கியம். அரியர் வைத்தவரும் வகுப்பு உயர்ந்தால் பெரும்பாலும் தப்பிவிடுவார். நன்மதிப்பெண் பெற்றோருக்கான மத்தியத் துறை உதவித்தொகையோ கறாரானது: 50 விழுக்காடு மதிப்பெண், 75 விழுக்காடு வருகை, இரண்டும் வேண்டும். பருத்தி எடுப்புக்கும் சின்ன வெங்காய அறுவடைக்கும் போகும் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைவிட வருகையே கடினம். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், படிப்பைப் பாதியில் விட்டால் நின்றுவிடும்.